மட்டக்களப்பு வாவியும் அதன் இரு கரைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறைக்கு ஊர் வரும் உறவுகள், ஆய்வுக்கட்டுரை எழுதும் பல்கலைக்கழகப் பிள்ளைகள், பாடும் மீனைத் தேடி வரும் கொழும்பு நண்பர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நான் கல்லாற்றுப் பக்கம் வாவிக்கரையில் பிறந்தவன். அப்பப்பா தோணியில் போய் வீச்சுவலை எறிந்தவர். அம்மாவின் பக்கத்து மாமாமார் கூத்தாடியவர்கள். ஊரில் சிலரோடு சேர்ந்து சில ஆண்டுகளாகக் கண்டல் (உப்புச் சேற்றில் வளரும் அலையாத்தி மரம்) வளர்த்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் பதில் சொல்கிறேன்.

வாவி என்கிறீர்களே, அது ஆறா, குளமா, கடலா?

ஊர்ப்பேச்சில் அதை யாரும் வாவி என்று சொல்வதில்லை. "ஆத்துக்குப் போறன்", "ஆத்து மீன்", "ஆத்தங்கரை" என்றுதான் பேச்சு. ஆனால் அது ஆறு போல ஒரே திசையில் ஓடுவதில்லை. வடக்கே ஏறாவூர்ப் பக்கத்தில் தொடங்கி, தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடற்கரையை ஒட்டிப் படுத்துக்கிடக்கிறது. பரப்பு 140 சதுர கிலோமீற்றர் அளவு. ஆழம் அதிகமில்லை, பல இடங்களில் ஆள் ஆழம்கூட இராது.

மேற்கேயிருந்து சிற்றாறுகளும், வயல்களின் வடிச்சல் நீரும் வந்து சேர்கின்றன. கிழக்கே இரண்டு இடங்களில் அது கடலைத் தொடும்: நகருக்குப் பக்கத்தில் பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாறு. மாரியில் வாயில் வைத்தால் நன்னீர். கோடையில் அதே இடத்தில் உப்பு. இந்த மாற்றத்தைத் தாங்கும் உயிர்கள்தான் இங்கே இருக்கின்றன. இதைக் குளம் என்று எண்ணிக்கொண்டு போட்ட திட்டங்கள் தவறாகத்தான் முடிந்திருக்கின்றன.

எழுவான்கரை, படுவான்கரை என்று ஏன் பிரித்துச் சொல்கிறார்கள்?

சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய மணல் நிலத்தில் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி எல்லாம் நெருக்கமாக இருக்கின்றன. அக்கரையில் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, மண்டூர். வயலும் மாடும் குளமும் அங்கே. இங்கிருந்து மீனும் தேங்காயும் போகும், அங்கிருந்து நெல்லும் தயிரும் வரும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும். (பாதை என்றால் எங்கள் பக்கத்தில் ஆளையும் வண்டியையும் ஏற்றிச் செல்லும் தட்டைப்படகு.) போர்க்காலத்தில் இந்தத் தண்ணீரே எல்லையாகிப் போனது. அக்கரையில் இருந்த பெரியம்மாவின் செத்தவீட்டுக்குக்கூட எங்களால் போக முடியவில்லை. அதனால் ஒரு கரையை மட்டும் பார்த்து வாவியைப் பற்றி யாராவது பேசினால் எனக்குப் பொறுக்காது.

ஆற்றுவாய் வெட்டுவது என்றால் என்ன? ஏன் ஒவ்வொரு மாரிக்கும் அதில் பிரச்சினை?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். இது விளங்கினால் வாவியில் பாதி விளங்கிவிடும்.

கோடையில் மேற்கேயிருந்து வரும் நீர் குறையும். வாவிக்குள்ளிருந்து தள்ளும் வேகம் இல்லாதபோது, கடல் அலை கரையோரமாக இழுத்துவரும் மணல் முகத்துவாரத்தில் குவிந்து ஒரு திட்டாகி வாயை அடைத்துவிடும். சின்ன வயதில் அந்தத் திட்டின் மேல் நடந்து இப்பக்கத்திலிருந்து அப்பக்கம் போயிருக்கிறோம். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை வரும். உள்ளே நீர் ஏறும். பெரும்போகத்துக்கு (மாரிகால நெற்செய்கைக்கு) விதைத்த படுவான்கரை வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், தண்ணீர் நிற்கத் தொடங்கும். நகரத்தின் பள்ளமான பகுதிகளிலும் கிணறும் மலசலகூடமும் ஒன்றாகும் நிலை வரும். அப்போதுதான் "வாயை வெட்டுங்கோ" என்ற குரல் எழும்.

வெட்டுவது என்றால் முழுத்திட்டையும் அள்ளுவதில்லை. முன்பு மண்வெட்டியால், இப்போது இயந்திரத்தால், ஒரு ஒடுக்கமான வாய்க்கால் கீறுவார்கள். உள்ளே நீர்மட்டம் போதிய உயரத்தில் இருந்தால், மீதியைத் தண்ணீரே அறுத்துக்கொண்டு போகும். சில மணித்தியாலங்களில் அந்த ஒடுக்கமான வாய்க்கால் தோணி போகும் வாயாகிவிடும். மட்டம் போதாதபோது அவசரப்பட்டு வெட்டினால் நீருக்கு வேகம் இருக்காது. இரண்டு மூன்று நாளில் கடல் மணலைக் கொண்டுவந்து திரும்ப அடைத்துவிடும்.

இப்போது யாருக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். நெல் தண்ணீருக்குள் கிடக்கும் வெள்ளாமைக்காரருக்கு வாய் உடனே திறக்க வேண்டும். ஆனால் நன்னீர் அளவுக்கு மேல் வடிந்துவிட்டால், பின்னால் உப்பு ஏறி ஓரத்து வயலைக் கெடுக்கும். அதுவும் அவருக்கே நட்டம். மீன்பிடிப்பவருக்கு வாய் திறந்தால் கடலிலிருந்து இறால் குஞ்சும் மீன்குஞ்சும் உள்ளே வரும், அது நல்லது. ஆனால் உள்ளே வளர்ந்து நிற்கும் இறால், நேரம் தப்பித் திறந்தால் கடலோடு போய்விடும். நகரத்தில் இருப்பவருக்கோ வீட்டுக்குள் தண்ணீர் வராமல் இருந்தால் போதும். எல்லாருடைய பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

மாவட்ட அரசாங்க அதிபர், நீர்ப்பாசனத் திணைக்களம், கடற்றொழில் திணைக்களம், பிரதேச செயலகம், கமக்காரர் அமைப்புகள், மீனவர் சங்கங்கள் எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுப்பதுதான் சரியான வழி. 2011 ஜனவரி, பெப்ரவரி வெள்ளத்தைப் போல ஒரு காலம் வந்தால் பேச நேரம் இருக்காது, வெட்டியே ஆக வேண்டும். சாதாரண மாரியில் நேரம் உண்டு. என் கருத்து, அந்தக் கூட்டத்தில் அளவுகோல் பார்க்கும் அதிகாரியின் பேச்சுக்கு உள்ள மதிப்பு, ஐம்பது வருடம் ஆற்றில் கிடந்த ஒரு கிழவரின் பேச்சுக்கும் இருக்க வேண்டும். "மனே, இன்னும் ரெண்டு நாள் பொறுக்கட்டும், அமாவாசை வரட்டும்" என்று அப்பப்பா சொல்வார். அமாவாசைக்கும் பறுவத்துக்கும் (பௌர்ணமிக்கும்) கடல் ஏறுவதும் இறங்குவதும் கூடுதல். வற்றும் நேரத்தில் திறந்தால் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும். அவருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது, ஆனால் அந்த நேரம் தெரியும்.

மீன் பாடுவது உண்மையா?

ஒலி உண்மை. அதை நானே கேட்டிருக்கிறேன். பாடுவது மீனா என்பதுதான் இன்றுவரை முடிவாகவில்லை.

1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி இதைக் கேட்டு எழுதிவைத்தார். ஈர விரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்த்தால் வரும் மெல்லிய அதிர்வு போல இருந்தது என்பது அவர் சொன்ன ஒப்புமை. அவரோடு போன மீனவர்கள் அதை மீன் என்று சொல்லவில்லை, ஊரி என்றுதான் சொன்னார்கள். ஊரி என்பது சேற்றில் ஊரும் ஒருவகை நத்தை. பின்னாளில் அருட்தந்தை லாங் அந்த ஒலியைப் பதிவுசெய்து, அது இலங்கை வானொலியிலும் ஒலிபரப்பானது.

கேட்க வேண்டுமானால் சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில், காற்று விழுந்த நிலவு இரவில், கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் தோணியில் போக வேண்டும். அடியில் பாறை உள்ள இடம் தோணிக்காரருக்குத் தெரியும். துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி மேல் நுனியில் காதை வையுங்கள். முதலில் ஒன்றுமே கேட்காது. மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தால், தூரத்தில் யாரோ தந்தியை மெல்ல மீட்டுவது போல வரும்.

1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதிய பாலம் வந்துவிட்டது. வாகனமும் வெளிச்சமும் கூடிவிட்டன. இயந்திரப் படகுகளும் ஓடுகின்றன. பாறைகள் மேல் சேறு படிவதாகத் தோணிக்காரர்கள் சொல்கிறார்கள். ஒலி குறைந்துவிட்டதா, நம் காதுக்கு எட்டவில்லையா என்று எனக்குப் பெரிய கவலை. எங்கள் மண்ணை "மீன் பாடும் தேன் நாடு" என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். வருடத்தில் ஒரு பறுவ இரவிலாவது அந்த இடத்தில் ஒரு மணித்தியாலம் படகு இயந்திரங்களை நிறுத்தி வைத்தால் என்ன?

கண்டல் நடுவதற்கு உதவ விரும்புகிறோம். எத்தனை கன்று நடலாம்?

எத்தனை என்பதை விட்டுவிட்டு, எங்கே என்று கேளுங்கள்.

ஒரு காலத்தில் இந்தக் கரை நெடுகக் கண்டல் இருந்தது. சிலர் கண்ணா என்றும் சொல்வார்கள். முட்டுவேர்களுக்கு இடையில் இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்கும், கொக்கும் நீர்க்காகமும் மேலே அடையும். போர்க்காலத்தில் பாதுகாப்பு என்று கரையோரமாக வெட்டினார்கள். விறகுக்கு வெட்டியதும், கரையை நிரவி வளவு பிடித்ததும் வேறு. 2015இல் தன் கண்டல் காடுகள் முழுவதையும் பாதுகாக்க முன்வந்த முதல் நாடு இலங்கை என்று உலகம் பாராட்டியது. அந்தப் பாராட்டு கரைக்கு வந்து சேர்வது நம் கையில்தான்.

எங்கள் முதல் முயற்சியைச் சொல்கிறேன். ஒரு தொண்டு நிறுவனம் கன்றுகளைக் கொண்டுவந்து தந்தது. இரண்டாயிரம் கன்று, எல்லாம் ஒரே இனம். பதாகை பிடித்துப் படம் எடுக்க வசதியாக, தண்ணீர் வற்றியிருந்த வெட்டவெளிச் சேற்றில் வரிசையாக நட்டோம். மாரி வந்தது. கன்றுகள் இரண்டு மாதம் முழுக முழுக நின்றன. முழுகாத ஓரத்தில் நின்றவற்றை மாடு மேய்ந்தது. அடுத்த கோடையில் எண்ணியபோது நாற்பதுகூட இல்லை. அன்று எனக்கு அழுகை வந்தது. பிறகுதான் அறிந்தேன், இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. சுனாமிக்குப் பின் இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை.

கண்டலுக்கு வேர் மூச்சுவிட வேண்டும். நாளில் கொஞ்ச நேரமாவது சேறு காற்றைக் காண வேண்டும். முன்பு கண்டல் நின்ற இடத்தில் அது தானாக முளைக்காமல் இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்: யாரோ வரம்பு போட்டு நீரோட்டத்தை மறித்திருப்பார்கள், மண் கொட்டியிருப்பார்கள், மாடு இறங்கும். அந்தக் காரணத்தை முதலில் எடுங்கள். எங்கள் ஊரில் ஒரு பழைய வரம்பை இரண்டு இடத்தில் வெட்டிவிட்டு, மாடு வராமல் கம்பு நட்டோம். அவ்வளவுதான். முருங்கைக்காய் போலத் தாய்மரத்தில் தொங்கும் முளைகள் மிதந்து வந்து தாமாகவே ஊன்றிக்கொண்டன. மூன்றாம் வருடம் அந்த இடத்தில் நண்டு வளை தெரிந்தது. நட்டது மிகக் குறைவு, காவல் இருந்ததுதான் அதிகம்.

ஆகவே கன்றுக்குக் காசு அனுப்ப நினைப்பவர்கள், மூன்று வருடம் பார்க்கப்போகும் ஆளின் கூலிக்கு அனுப்புங்கள்.

கண்டல் இருந்திருந்தால் சுனாமியில் காப்பாற்றியிருக்குமா?

2004 டிசம்பர் 26 அன்று நாவலடியிலும் கல்லடியிலும் நடந்ததைக் கண்டவர்கள் இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லமாட்டார்கள். நாவலடி கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு மணல் நாக்கு. அலை அதைத் தாண்டி வாவிக்குள் விழுந்தது. மரம் நின்றிருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்வது, போனவர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. கண்டல் செய்யும் வேலை வேறு: கரை அரிப்பைத் தடுக்கும், புயல்நீரின் வேகத்தைக் குறைக்கும், அடுத்த நாள் கறிக்கு மீன் தரும். 1978 நவம்பர் 23 சூறாவளியில் தென்னை எல்லாம் விழுந்து கிடந்தபோது, கரையில் வேர்ப்பின்னலோடு நின்றது இவைதான் என்று அம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தில்லை மரத்தைத் தொட்டால் கண் போகுமா?

தில்லையும் கண்டலோடு கரையோரம் நிற்கும் மரம். அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், பார்வையையும் கெடுக்கலாம். ஒடிக்காதீர்கள், விறகாக்காதீர்கள். பார்த்துவிட்டு விலகிப் போகலாம்.

வாவியில் முதலை உண்டா?

உண்டு. வெள்ளக்காலத்தில் ஊருக்குள்ளும் வரும். எந்தத் துறையில் இறங்கலாம் என்று அந்த ஊர் ஆட்களைக் கேட்காமல் இறங்க வேண்டாம், பொழுதுபட்ட பிறகு இறங்கவே வேண்டாம்.

தங்கூசி வலையை ஏன் எதிர்க்கிறீர்கள்? மீனவர்கள் பிழைக்க வேண்டாமா?

பிழைக்க வேண்டும் என்பதால்தான். தங்கூசி என்பது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நைலோன் இழை. விலை குறைவு, மீன் நிறையப் படும். கிழிந்தால் தைக்க மாட்டார்கள், அப்படியே ஆற்றில் விட்டுவிடுவார்கள். அது உக்காது. யாரும் எடுக்காத அந்த வலையில் நண்டும், ஆமையும், முக்குளிக்கும் பறவையும் மாட்டிச் சாகும். சட்டத்தில் தடை உண்டு. ஆனால் தடையை மட்டும் வைத்துக்கொண்டு ஏழைத் தொழிலாளியின் வலையைப் பிடித்து எரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வலையை இறக்கிக் கடையில் விற்பவரிடமிருந்து தொடங்க வேண்டும். பழைய வலையைக் கொடுத்தால் பருத்த கண் வலை வாங்கப் பாதிக்காசு என்று ஒரு திட்டம் இருந்தால், எங்கள் ஊரில் பலர் நாளைக்கே மாறுவார்கள்.

திரளியும் கொடுவாவும் முட்டையோடு வரும் காலத்தில் கண் சிறுத்த வலை போடக்கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடாகவே முன்பு இருந்தது. மீறினவரைக் கோயிலில் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

ஆற்றுவாழை எங்கிருந்து வருகிறது?

ஊதாப்பூப் பூக்கும் அந்தச் செடி நன்னீர்க் குளங்களிலும் வாய்க்கால்களிலும் பரவி, வெள்ளத்தோடு வாவிக்கு வருகிறது. வயலுரமும் வீட்டுக் கழிவுநீரும் அதற்குச் சாப்பாடு. உப்பு ஏறினால் வாடிவிடும். அழுகி அடியில் படியும்போது நீரில் உள்ள பிராணவாயுவையும் எடுத்துக்கொள்ளும். வாடுவதற்கு முன் கரைக்கு இழுத்துக் கூட்டெரு செய்தால் மரக்கறித் தோட்டத்துக்கு உதவும்.

கண்ணகி சடங்குக்கும் வாவிக்கும் என்ன தொடர்பு?

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் காரைதீவு, செட்டிபாளையம் என்று ஊருக்கு ஊர் கண்ணகை அம்மன் கோயில். பலவற்றில் கதவு வருடத்துக்கு ஒருமுறை, வைகாசியில்தான் திறக்கும். கல்யாணக்கால் நடுவார்கள், கண்ணகியின் கதையைச் சொல்லும் கண்ணகி வழக்குரையைப் பாடுவார்கள். கடைசியில் குளிர்த்தி.

மதுரையை எரித்த கோபத்தோடு வந்த அம்மாளை நீரும் வேப்பிலையும் பாட்டும் கொண்டு குளிரவைப்பதுதான் குளிர்த்தி. வைகாசி எப்படிப்பட்ட மாதம் என்று நினைத்துப் பாருங்கள். கச்சான் காற்று அனலாக வீசும். வாவி வற்றிக் கரையில் சேறு வெடிக்கும். தண்ணீர் உப்பாகிவிடும். அம்மையும் கண்ணோயும் வரும் காலம். அந்த நேரத்தில் ஊரே கூடி, தணிந்து மழை தா, நோயை எடு என்று பாடுகிறது. வெயிலில் வாடும் நிலமும் அம்மாளும் அங்கே ஒன்றாகிறார்கள். மழை பிழைத்தாலோ நோய் பரவினாலோ கொம்புமுறியும் நடத்துவார்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, இரண்டு வளைந்த கொம்புகளைக் கொளுவிக் கயிறு கட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள்.

சூழல் பாதுகாப்பு என்ற சொல் எங்களுக்கு வருவதற்கு முன்பே, தண்ணீரைப் பற்றிய பயமும் மரியாதையும் இந்தச் சடங்குகளில் இருந்தன. சின்ன வயதில் ஆற்றில் சிறுநீர் கழித்ததற்கு அம்மம்மாவிடம் வாங்கிய அடி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "அம்மாளுக்குக் குளிர்த்தி வைக்கிற தண்ணிடா" என்றார். அந்தத் தண்ணீர் கோயில் கிணற்றிலிருந்துதான் எடுப்பது. ஆனால் அவருக்கு எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான்.

கூத்துப் பார்க்க எப்போது வரலாம்?

பெரும்போக அறுவடை முடிந்து கை ஓய்ந்த பிறகு, கோடை மாதங்களில். கூத்து ஆசானான அண்ணாவியார் மாதக்கணக்காகப் பழக்கி, சதங்கை அணிந்து, பிறகு அரங்கேற்றம். வடமோடி, தென்மோடி என்று இரண்டு பாணி உண்டு. ஆட்டமும் தாளமும் உடுப்பும் வேறுபடும். கோயில் வெளியில் வட்டக்களரி (வட்டமான ஆடுகளம்) போட்டு விடிய விடிய ஆடுவார்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு இக்கூத்துகளைச் செம்மைப்படுத்தி மேடையேற்றிய பிறகு, நாடு முழுவதும் இவற்றின் பெருமை தெரிந்தது. இன்று கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பிள்ளைகள் கூத்தை முறையாகப் படிக்கிறார்கள். காரைதீவில் 1892இல் பிறந்து, யாழ்நூலை எழுதி, 1947இல் மறைந்த விபுலாநந்த அடிகளாரின் சமாதியும் கல்லடியில்தான்.

மேடைக் கூத்தைப் பார்த்தவர்கள் ஒருமுறை களரிக் கூத்தையும் பார்க்க வேண்டும். நள்ளிரவில் காற்று அடங்கியதும் மத்தளச் சத்தம் தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு அக்கரைக்குப் போகும். படுவான்கரையில் கூத்து நடக்கிறது என்று இங்கே பாயில் படுத்துக்கொண்டே அறிவோம்.

திருவிழாக் குப்பையை என்ன செய்வது?

இதில் எனக்கு மனவேதனை அதிகம். ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். தகப்பனை நினைத்து முழுகிவிட்டுக் கரையேறும்போது காலில் பிளாஸ்டிக் கோப்பை மிதிபடுகிறது. தாகசாந்தி நிலையம் வைப்பவர்கள் புண்ணியத்துக்காகத்தான் வைக்கிறார்கள். 2017 செப்டெம்பரில் பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் நாட்டில் தடை வந்தது. கோப்பை மட்டும் இன்னும் கரையை விட்டுப் போகவில்லை. எங்கள் ஊர்ச் சடங்கில் மூன்று வருடமாக எவர்சில்வர் குவளையும் கழுவ இரண்டு பெரிய தொட்டியும் வைத்திருக்கிறோம். கழுவுவதற்கு இளைஞர்கள் முறைபோட்டு வருகிறார்கள்.

இன்னும் கடினமானது கதிர்காமப் பாதயாத்திரை. மட்டக்களப்பு வழியாக நடந்து வரும் அடியார்கள் அம்பாறை மாவட்டத்தின் தென்முனையில் உகந்தை முருகனை வணங்கிவிட்டு, குமண, யால காடுகளுக்குள் நடந்து போகிறார்கள். யானையும் கரடியும் வாழும் காடு. அங்கே விடும் ஒவ்வொரு போத்தலையும் பின்னால் யாராவது போய்த்தான் பொறுக்க வேண்டும். முன்பு நடந்தவர்கள் சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொண்டுபோனார்கள். இப்போது போகிறவர்கள், கொண்டுபோகும் வெறும் போத்தலைக் கதிர்காமம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். அதன் பாரம் ஒன்றுமே இல்லை.

முஸ்லிம் ஊர்களும் இந்த வாவியைப் பேணுவதில் சேர்கின்றனவா?

சேராமல் எப்படி? காத்தான்குடியும் ஏறாவூரும் இதே தண்ணீரில் கால் நனைக்கும் ஊர்கள். தாய்வழிக் குடிமுறை இந்தக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. பன்புல்லில் பாய் இழைக்கும் பெண்கள் இரு பக்கத்திலும் இருக்கிறார்கள். பன் வளரும் சேற்று நிலத்தை நிரவினால் இருவருக்கும் தொழில் போகும். இடையில் நடந்த கொடுமைகளை மறைக்க எனக்கு விருப்பமில்லை, இரு பக்கமும் இழப்பு உண்டு. ஆனால் ஆற்றுவாய் வெட்டும் கூட்டத்தில் நானாமாரும் (முஸ்லிம் அண்ணன்மாரும்) எங்கள் அண்ணன்மாரும் ஒரே பக்கமாக நின்று வாதாடியதைப் பார்த்திருக்கிறேன்.

அம்பாறைக் கரையிலிருந்து நாம் படிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

ஒலுவில். 2013இல் துறைமுகம் திறந்தார்கள். கரையோரமாக வடக்கே நகரும் மணலைக் கடலுக்குள் நீட்டிய கல்லணை மறித்தது. துறைமுக வாயில் மணல் அடைத்தது. அதற்கு வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரையைக் கடல் தின்றது. தென்னைகளும் மீனவர் வாடிகளும் (குடிசைகளும்) போயின. முகத்துவாரத்துக்கு நிரந்தரமாகக் கல் போட்டு வாயைத் திறந்தே வைக்கலாமே என்று கேட்பவர்களை, முதலில் அங்கே போய் நின்று பார்க்கச் சொல்வேன்.

நாங்கள் வெளிநாட்டில். என்ன செய்யலாம்?

ஊருக்கு வரும்போது வாவிக்கரையில் காணி வாங்கி நிரவி மதில் கட்டாதீர்கள். இதை முதலாவதாகச் சொல்வதற்குக் காரணம், கடந்த பத்து வருடத்தில் நான் கண்ட பெரிய கேடு இது. தண்ணீர் போய்வர விட்ட இடத்தில் வீடு எழும்பினால், மாரியில் அந்தத் தண்ணீர் பக்கத்து ஏழையின் வீட்டுக்குத்தான் போகும். அப்புறம், உங்கள் அப்பா, அம்மப்பாவிடம் ஆற்றின் பெயர்களைக் கேட்டு எழுதிவையுங்கள். ஒவ்வொரு துறைக்கும், திட்டுக்கும், மீன் படும் பள்ளத்துக்கும் ஒரு பெயர் இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் மட்டும் நாற்பத்தியிரண்டு பெயர் சேர்த்திருக்கிறோம். கனடாவில் இருக்கும் ஒரு மாமாவுக்குத் தொலைபேசியில் பேசி ஒரே இரவில் ஒன்பது பெயர் கிடைத்தது.

ஒரு நாள் மட்டும்தான் இருக்கிறது. எங்கே போவது?

விடியற்காலை ஐந்தரைக்கு எந்த வாவிக்கரை ஊரிலாவது தோணி ஒதுங்கும் இடத்தில் நில்லுங்கள். இறாலும் மணலை மீனும் உயிரோடு துடிக்கக் கொண்டுவருவார்கள். வாங்கி, யார் வீட்டிலாவது தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைக்கச் சொல்லுங்கள். காலையில் மண்முனைப் பாலத்தால் அக்கரை போய்க் கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரரைக் கும்பிடுங்கள். வழியில் எருமைத் தயிர் சட்டியோடு விற்பார்கள். மத்தியான வெயிலில் மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் கோட்டைக்குள் இருக்கலாம். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தது. மாலையில் பாலமீன்மடுவுக்குப் போங்கள். 1913இல் கட்டிய வெளிச்சவீட்டுக்கு அப்பால் முகத்துவாரம். மணல் திட்டு எவ்வளவு வளர்ந்திருக்கிறது, வாய் திறந்திருக்கிறதா அடைத்திருக்கிறதா என்று பார்த்து எனக்கும் சொல்லுங்கள். இரவில் நிலவு இருந்தால் கல்லடியில் தோணிக்காரரைப் பிடியுங்கள். துடுப்புத் தோணிதான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.